ஈக்காக மூடிய முகங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அதற்கு முந்தின வரி மறந்துபோகிறது. போன வாரம், புனே பக்கம் தாபோடிக்குக் குடிவந்த கதையில் ரயில் கேட்டை வீட்டுக்கு வலது பக்கம் என்று எழுதிவிட்டேன். "இடது பக்கம்மா" என்று மூத்த மகன் போனில் சொல்லிச் சிரித்தான். இந்த வாரமும் அப்படி ஏதாவது இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரு மத்தியானத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பெரிய ஹால். நடுவில் மூன்று வரிசையாகப் பாய்கள். பாய்க்கு ஒரு குழந்தை. ஒவ்வொரு குழந்தையின் மேலும் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. ஜன்னல் வழியாகச் சாணி வாசனை வருகிறது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. வரிசைக்கு நடுவே எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை குனிந்து குனிந்து நடக்கிறாள். இரண்டு விரலால் ஒரு போர்வையின் நுனியைத் தூக்குகிறாள். உள்ளே கை விடுகிறாள். அவள் உதடு அசைகிறது. அடுத்த பாய்க்குப் போகிறாள்.

அவள் பெயர் மங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு.

நான் மாவ்ஷி ஆனது

அந்தக் குழந்தைகள் எல்லாரும் பூகம்பத்தில் தப்பியவர்கள். புனேயிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊர்கள். அங்கே வீடுகளெல்லாம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின தடிச் சுவர் வீடுகள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்த சுவரே ஆளை அமுக்கிவிட்டது. பெரியவர்கள் யாரும் மிஞ்சாத குழந்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு ஊர் விடுதிகளில் சேர்த்தார்கள். எங்கள் தாபோடிக்கும் போசரிக்கும் நடுவில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு முப்பது பேர் வந்தார்கள்.

என் கடைசிப் பையன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். வீட்டுக்காரர் போசரியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும். விடுதிக்கு இன்னொரு ஆயா வேண்டும் என்று, அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த அடுத்த லைன் சாந்தா வந்து சொன்னாள். "உனக்குப் பேசத்தான் வெக்கம். கொழந்தைங்களக் குளிப்பாட்ட வாய் எதுக்கு?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி. ஆயாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே முப்பது குழந்தைக்குச் சித்தி ஆனேன். என் மராத்தி காய்கறிக்காரனிடம் பேசும் அளவுதான். குழந்தைகள் பேசினதை இங்கே நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

தீதியின் பை

வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவாள். குழந்தைகளின் மனசைப் பார்க்கிற படிப்புப் படித்தவள். அவளைக் குழந்தைகள் "தாயி" என்பார்கள், மராத்தியில் அக்கா. எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அவள் என் தங்கை வயசு. அதனால் இந்தியில் தீதி என்றே கூப்பிட்டேன். அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம் என்று சாந்தா கேலி செய்வாள்.

தீதியிடம் ஒரு துணிப்பை உண்டு. அதில் கலர் பென்சில், களிமண், துணிப் பொம்மை. குழந்தைகள் விளையாடுவார்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கா ஒரு படிப்பு என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகு எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அழுகிற குழந்தையை அழாதே என்று சொல்லக் கூடாது. நின்றுகொண்டு பேசக் கூடாது, உட்கார்ந்துதான் பேச வேண்டும். படம் வரைந்தால் இது என்ன என்று கேட்கக் கூடாது. பாயைச் சுவர் ஓரமாகப் போடக் கூடாது, அதுகளுக்குச் சுவர் என்றாலே பயம். அதனால்தான் பாய்கள் எல்லாம் ஹால் நடுவில்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை எனக்குச் சரியாக வரும்.

எருமைக் கொட்டகை

விடுதிக்குப் பின்னால் ஒரு பால்காரரின் எருமைக் கொட்டகை. பால் நல்ல பால். ஆனால் ஈ! சாப்பாடு முடிந்து குழந்தைகள் படுத்தால் போதும், கண்ணிலும் வாயோரத்திலும் வந்து மொய்க்கும்.

எங்கள் தாபோடியில் ஆற்றங்கரைக் கொசு. எங்கள் லைனில் யார் வீட்டிலும் குழந்தையின் முகத்தைத் திறந்துபோட்டுத் தூங்க வைக்க மாட்டோம். புடவையோ போர்வையோ, தலையோடு காலாக மூடி, இரண்டு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுவோம். என் மூன்று பிள்ளைகளும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

விடுதிக்கு யாரோ மூட்டை மூட்டையாக வெள்ளைப் போர்வை அனுப்பியிருந்தார்கள். நான் அதை எடுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் மூடிச் செருகினேன். ஈ ஏமாந்து போயிற்று. எனக்கு மனசு நிறைந்தது.

அதோடு விட்டேனா? வரிசை கோணினால் எனக்குப் பிடிக்காது. பாய்களை நூல் பிடித்த மாதிரி போட்டேன். ஒரு நாள் புடவை கட்டின நாலு பெரிய மனுஷிகளும் கோட்டுப் போட்ட ஒருவரும் விடுதியைப் பார்க்க வந்தார்கள். சூப்பரின்டெண்ட் மேடம் அவர்களை ஹால் வாசலுக்குக் கூட்டிவந்து, "பாருங்க, மிலிட்டரி பாரக்ஸ் மாதிரி இருக்கு. எங்க மதராஸி மாவ்ஷி செய்யிற வேலை" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். அந்த வயது வரை யாரும் என்னை நாலு பேர் முன்னால் புகழ்ந்தது இல்லை. வீட்டில் சொன்னேன். "இன்னாமே, மெடல் எப்ப குத்துவாங்க?" என்றார் வீட்டுக்காரர். அவர் குடியாத்தம் பக்கம். அங்கே பேசுகிற மாதிரியே கடைசிவரை பேசினார்.

சனிக்கிழமைக்குள்

மங்கல் யாரோடும் பேச மாட்டாள். அவளுக்கு அஞ்சு வயதில் ஒரு தங்கை, சுனி. அந்த வீட்டில் மிஞ்சினது இந்த இரண்டு பேர்தான். சுனியின் காதில் மட்டும் ஏதாவது சொல்வாள். காலையில் ஒழுங்காக இருப்பாள். சாப்பிடுவாள், தன் தட்டைத் தானே கழுவுவாள். மத்தியானம் மற்றவர்கள் தூங்கின பிறகு எழுந்து போர்வை தூக்க ஆரம்பித்துவிடுவாள்.

முகத்தில் வெளிச்சம் பட்டதும் ஒரு குழந்தை திடுக்கிட்டு அலறும். அதைக் கேட்டு நாலு அலறும். தூங்கும்போது பூகம்பம் வந்து எழுப்பின குழந்தைகளுக்கு எழுந்திருக்கிறதே ஒரு பயம். ஒரு நாள் ஒரு பெண் மங்கலின் கையைக் கடித்துவிட்டாள். நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் அவளையே இறுக்கமாக மூடிச் செருகி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அவள் உதறின உதறல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மேடம் கெட்டவர் இல்லை. ரிட்டயர் ஆன டீச்சர். முப்பது குழந்தைக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை என்னையும் சாந்தாவையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்தப் பெண்ணை இனிமே இங்க வெச்சுக்க முடியாது. சனிக்கிழமை பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன். கடுதாசி எழுதியாச்சு. துணிமணியைக் கட்டி வையுங்க."

"சுனி?" என்று சாந்தா கேட்டாள்.

"சின்னது இங்கேயே இருக்கட்டும். அதுக்கு ஒண்ணும் இல்லையே."

தீதி வந்து மேடத்தோடு ரொம்ப நேரம் பேசினாள். நாலு தடவை தலையை ஆட்டினார் மேடம். ஆனால் கடுதாசி மேஜை மேலேயே இருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து

புதன்கிழமையா வியாழனா தெரியவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்தது. குழந்தைகளைப் படுக்க வைத்து, மூடிச் செருகி, கடைசி வரிசையின் ஓரத்தில் வெறும் தரையில் நானும் சாய்ந்தேன். ஈ தொல்லை தாங்காமல் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

கண் அசந்திருப்பேன். முந்தானை மெல்ல மேலே போயிற்று. இரண்டு விரல். அதற்கு மேலே மங்கலின் முகம். இத்தனை நாள் அவளை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். அந்த முகத்தில் குறும்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

இன்னொரு கையின் விரலை என் மூக்குக்குக் கீழே வைத்தாள். சில்லென்று இருந்தது அந்த விரல். "ஆஹே" என்றாள். மராத்தியில் ஆஹே என்றால் "இருக்கு". அவள் உதடு அசைந்ததெல்லாம் இதுதானா! நான் ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, "என்ன இருக்கு, கண்ணு?" என்று கேட்டேன்.

"மூச்சு." இதுதான் அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை.

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தீதி சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவளே சொன்னாள்:

"எங்க பள்ளிக்கூட மைதானத்துல இப்படித்தான் வரிசையாப் படுக்க வெச்சு மூடியிருந்தாங்க. அம்மாவையும் அப்பாவையும் அடையாளம் பார்த்துச் சொல்லுன்னு என்னைத்தான் அனுப்பினாங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். அங்க யாருக்கும் இல்ல."

பிறகு முந்தானையை என் முகத்தில் போடாமல், கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, அடுத்த பாய்க்குப் போனாள்.

நான் தலையைத் திருப்பி அந்த ஹாலைப் பார்த்தேன். மூன்று வரிசை. நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொன்றும் என் கையால் மூடினது.

சொல்வதா வேண்டாமா

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாமே, சாப்புடல?" என்றார் அவர். சொன்னேன்.

"நாளைலேர்ந்து மூடாத. அவ்ளோதான. யாருக்குத் தெரியப் போவுது?"

"கடுதாசி எழுதிட்டாங்களே. சனிக்கெழம கூட்டிகினு போயிடுவாங்க."

"நீ போயி சொன்னா, 'இத்தினி நாளா நீதான் கொழந்தைய இந்தப் பாடு படுத்துனியா'ன்னு கேக்க மாட்டாங்க?"

"கேப்பாங்க."

"வேல போயிடும்."

"போவும்."

எனக்கு வேலையை நினைத்து மட்டும் பயம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்த "மதராஸி மாவ்ஷி" புகழ்ச்சியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று இருந்தது. மறுநாள் காலையில் அவர் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "ஏறு. நானே உட்டுட்டுப் போறேன். நடந்தா பாதி வழில திரும்பிடுவ."

ஆபீஸ் அறையில் மேடமும் தீதியும் இருந்தார்கள். நான் ஒரு வெள்ளைப் போர்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். மேடம் முன்னால் அதுவரை "ஹோ", அதாவது "ஆமாம்", என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை.

"போர்வை... மங்கல்... என் தப்பு" என்றேன்.

"என்ன மாவ்ஷி? போர்வை கிழிஞ்சுபோச்சா? இன்னும் ஒரு மூட்டை இருக்கே" என்றார் மேடம்.

இல்லை என்று தலையாட்டினேன். மராத்தியும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. வேறு வழி தெரியாமல் அந்த ஆபீஸ் தரையில், மேஜைக்கு முன்னால் நீட்டிப் படுத்தேன். போர்வையைக் கால் முதல் தலை வரை இழுத்து மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் வெள்ளையாகத் தெரிந்தது. கடிகாரச் சத்தம். பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ போர்வையை என் முகத்திலிருந்து எடுத்தார்கள். தீதி என்று நினைத்தேன். மேடம். பட்டுக்கரை போட்ட புடவையோடு தரையில் மண்டி போட்டிருந்தார்.

"எழுந்திருங்க மாவ்ஷி" என்றார். "எழுந்திருங்க."

அதன் பிறகு எனக்குப் பேச வந்தது. மங்கல் சொன்னதைச் சொன்னேன். தீதி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்பவும் காலையிலேயே வந்து போயிடறேன். ஒரு மத்தியானம்கூட இந்த ஹாலைப் பார்த்ததில்ல" என்று கன்னத்தில் கை வைத்தாள். மேடம், "நான் வந்தவங்களுக்கெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினேனே" என்றார். கடுதாசியை எடுத்து டிராயரில் போட்டார். "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கலர் புடவைகள்

சாந்தாவும் நானும் தாபோடியில் நம்மவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய நூல் புடவை கேட்டோம். வெள்ளை வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். மஞ்சள், பச்சை, கட்டம் போட்டது, பூப் போட்டது. அதைக் கிழித்து இடுப்பு வரை மட்டும் போர்த்தினோம். பாய்களைக் கோணல்மாணலாகப் போட்டேன். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, சிரிக்காதீர்கள். ஈக்கு அட்டையால் விசிறினோம், மத்தியானம் முழுக்க, கை மாற்றிக் கை மாற்றி.

மங்கல் உடனே நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றாள் தீதி. "கூடவே போங்க மாவ்ஷி" என்றாள். போனேன். அவள் விரல் வைப்பாள், "ஆஹே" என்பாள். நானும் "ஆஹே" என்பேன். முகம் திறந்திருந்ததால் யாரும் எழுந்து அலறவில்லை. நாளாக ஆக ஒரு வரிசையோடு நிறுத்தினாள். பிறகு சுனிக்கு மட்டும். எனக்கும் ஒரு தடவை, வேலை முடிந்து நான் கிளம்பும்போது, வாசலில்.

கதை எங்கேயோ போகிறது, ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, நம் பக்கத்துக் கரையில் கடல் ஊருக்குள் வந்த சமயம், தீதி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலையில் நரை. கூட நாலு பிள்ளைகள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே போகிறவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "மாவ்ஷி, நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்க" என்றாள். பசிக்குதா, ஒண்ணுக்கு வருதா, பக்கத்துல உக்காரட்டுமா. அவர்கள் சொன்ன தமிழைக் கேட்டு வீட்டுக்காரர் புரண்டு புரண்டு சிரித்தார். போகும்போது நானே வாயைத் திறந்து ஒன்று சொன்னேன்: "கொழந்தைங்க மொகத்த மூடாதீங்க. வெள்ளைப் போர்வை கொண்டு போவாதீங்க." அந்தப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஹாலுக்கே திரும்புகிறேன்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஈ இன்னும் அதிகம். ஒரு மத்தியானம் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் நடமாடவில்லை. தேடினேன். மங்கல் சுனிக்குப் பக்கத்தில், பச்சைக் கட்டம் போட்ட துணி இடுப்பில் சுற்றிக்கொண்டு கிடக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மத்தியானத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஈயை விரட்டினேன். உட்கார்ந்து விசிறினேன். ரொம்ப நேரம் அசையாமல் கிடந்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் மூக்குக்குக் கீழே என் விரலை வைத்தேன்.

ஆஹே.

இதில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியாது. கடுதாசி எழுதினது திங்களா செவ்வாயா, சுனிக்கு அஞ்சு வயதா ஆறா, ஒரு மாசம் என்றாரா ஒரு வாரம் என்றாரா, எல்லாம் குழப்பம்தான். சாந்தா இப்போது மகளோடு வானவடியில் இருப்பதாகக் கேள்வி. அவளைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டி, தப்பு இருந்தால் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். மங்கலுக்குத் தமிழ் தெரியாது. அவளை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் அவளிடமும் கேளுங்கள், அவளுக்குச் சொல்ல இஷ்டம் இருந்தால் மட்டும். அந்த மத்தியானம் அவள் தூங்கினதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அதை நான் பார்த்தேன்.